ஒரு ஆர்டருக்கு எவ்வளவு நூல் வாங்குவது என்று பனியன் கம்பெனிகள் எப்படி முடிவு செய்கின்றன? சரக்கு தேங்காமல் மென்பொருளே பார்த்துக்கொள்ளுமா?

கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. மூலப்பொருளின் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது ஒன்று; சரக்கு தேங்காமல் மென்பொருளே பார்த்துக்கொள்ளுமா என்பது மற்றொன்று. திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைக்கும் ஒரு நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக ஸ்டோர் பிரிவையும் பிறகு மெர்ச்சண்டைசிங்கையும் (வாங்குபவரோடு பேசி ஆர்டரை நடத்தும் வேலை) கவனித்துவருகிறேன். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

எங்கள் கணக்கு நூலில் தொடங்குவதில்லை. தைத்து முடித்த சட்டையின் எடையிலிருந்து பின்னோக்கி வருகிறது. 10,000 டி-சர்ட்டுகளுக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிங் கழிவையும் சேர்த்து ஒரு சட்டைக்கு 170 கிராம் துணி தேவை. செக்கிங்கில் கழிபவற்றை ஈடுகட்ட 3 சதவீதம் கூடுதலாக வெட்டுவோம். எனவே 10,300 சட்டைகளுக்கு 1,751 கிலோ சாயமேற்றிய துணி வேண்டும். சாயத்திலும் துணியை முன்கூட்டியே சுருக்கும் காம்பாக்டிங்கிலும் 7 சதவீதம், நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங்கில் 2 சதவீதம் எடை குறையும் என்று கொண்டால், வேலைக்குச் சேரும் புதியவர்கள் பெரும்பாலும் 1,751 உடன் 9 சதவீதத்தைக் கூட்டி 1,909 கிலோ என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளே போகும் எடையில்தான் கழிவு ஏற்படுகிறது என்பதால் 1,751 ஐ 0.93 ஆலும், வருவதை 0.98 ஆலும் வகுக்க வேண்டும். விடை 1,921 கிலோ. வித்தியாசம் 12 கிலோதானே என்று தோன்றும். அது அறுபதுக்கு மேற்பட்ட சட்டைகளுக்கான துணி.

அந்த 12 கிலோவைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமே என்றால், நூல் கிடைக்கும், அதே நிறம் கிடைக்காது. சிறு அளவுக்குத் தனியாகச் சாயமேற்றினால் கூலி கூடும். அதைவிட, வேறு லாட்டில், அதாவது வேறொரு முறை சாயமேற்றி வரும் துணி முதல் லாட்டின் நிறத்தோடு அச்சாகப் பொருந்துவது அரிது. உடல் துணியையும் கழுத்துக்கான ரிப் துணியையும் ஒரே லாட்டில் போடச் சொல்வதும் இதனால்தான். குறைந்தால் வரும் இந்தத் தொல்லைக்குப் பயந்து மெர்ச்சண்டைசர் ஒரு சதவீதம் கூட்டுகிறார், நிட்டிங்காரர் ஒன்று கேட்கிறார், கட்டிங் மாஸ்டர் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்கிறார். மூவரும் தனித்தனியே நியாயமாக நடந்துகொண்டதன் விளைவு, குடோன் மூலையில் பாலித்தீன் சுற்றிக் கிடக்கும் கடற்படை நீல நிற ரோல்கள்.

மிச்சம் தவிர்க்க முடியாதது என்றால், அது எந்த நிலையில் மிஞ்ச வேண்டும் என்பதே என் பார்வையில் முக்கியமான முடிவு. நூலாகவோ சாயமேற்றாத கிரே துணியாகவோ இருப்பது அடுத்த ஆர்டருக்கு உதவும்; சாயமேற்றிவிட்டால் அந்த நிறத்தைக் கேட்ட வாங்குபவர் ஒருவருக்கே அது பொருள். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் 1970களிலேயே ஆடைகளைச் சாயமின்றிப் பின்னித் தைத்துவைத்து, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்த பிறகு சாயமேற்றும் முறையால் பெயர்பெற்றது. எல்லா ரகத்துக்கும் அது ஒத்துவராது என்றாலும், முடிவைத் தள்ளிப்போட முடிந்த இடத்தில் தள்ளிப்போடுவது எங்களுக்கும் பழக்கம். அப்படியும் தேங்கும் உபரிச் சட்டைகளுக்குக் திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தை இருக்கிறது. அடக்க விலையை எதிர்பார்த்து யாரும் அங்கே போவதில்லை.

நூல் விலை ஏறும் என்று எண்ணி முன்கூட்டியே வாங்கிக் குவிப்பது வேறு விஷயம். 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, ஏற்கெனவே நூலை வைத்திருந்தவர்கள் கெட்டிக்காரர்களாகத் தெரிந்தார்கள்; விலை இறங்கியபோது அதே கையிருப்பு சுமையாயிற்று. அதை நான் சூதாட்டம் என்றே சொல்வேன்.

துணியைவிட எங்களை அதிகம் தவிக்கவிடுபவை லேபிள், பட்டன், அட்டைப்பெட்டி போன்ற சில்லறைப் பொருள்கள். ஒருமுறை வாங்குபவர் சைஸ் விகிதத்தை மாற்றி அனுப்பிய மின்னஞ்சலை நான் உற்பத்திப் பிரிவுக்கு அனுப்பினேன். லேபிள் ஆர்டரைத் திருத்த மறந்துவிட்டேன். எக்ஸ்எல் லேபிள்கள் போதாமல், தைத்து முடிக்க வேண்டிய 1,200 சட்டைகள் மேசையருகே மூன்று நாள் அடுக்கிக் கிடந்தன. கடைசியில் லேபிள்கள் ஒரு கைப்பைக்குள் அடங்கும் சிறு பொட்டலமாகப் பஸ் பார்சலில் வந்துசேர்ந்தன.

மென்பொருளைப் பொறுத்தவரை, பெருக்கல் வகுத்தலை அது பிழையின்றிச் செய்யும். சாயத்தில் 7 சதவீதம் குறையும் என்ற எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும். எங்கள் சரக்கில் பெரும்பகுதி எந்த நேரத்திலும் எங்கள் கட்டடத்தில் இருப்பதில்லை. நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று கூலிக்குச் செய்துதரும் ஜாப் ஒர்க் இடங்களில் பரவியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும் சரக்கோடு போய்வரும் டெலிவரி சலான் சீட்டுகளை எடுத்துவைத்து, போன எடைக்கும் வந்த எடைக்கும் உள்ள வித்தியாசத்தை நிறவாரியாக எழுதிவைக்கிறேன். என் நோட்டில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இப்போது ஒரே சதவீதம் இல்லை. அடுத்த ஆர்டரின் நூல் கணக்கை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் போடுகிறேன்.