புல்லட் பின் சக்கர ஹப்: எது எதில் பொருந்தும்? கேள்வி பதில்

பழைய புல்லட், ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பின் சக்கரம் பற்றியும் அதன் ஹப் (ஸ்போக் கம்பிகள் வந்து சேரும் நடுப்பகுதி) பற்றியும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

சேலத்திலிருந்து: அண்ணே, என்னுடையது வலது கால் கியர் உள்ள பழைய புல்லட் 350. ஐந்து கியர் எலெக்ட்ராவின் பின் ஹப் ஒன்று காயலான் கடையில் கிடைத்தது. ஸ்பிண்டில் (சக்கரத்தின் அச்சுக் கம்பி) சரியாக நுழைகிறது. மாட்டலாமா?

ஸ்பிண்டில் நுழைவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், தம்பி. முதலில் பார்க்க வேண்டியது செயின் லைன். செயின் ஓடும் பல்சக்கரங்களான கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் ஒரு நேரான இரும்புப் பட்டையை ஒட்டிவைத்து முன்பக்கம் பாருங்கள். விலகல் இருந்தால், செயின் ஓடும்போது பல்லின் ஒரு பக்கத்தை மட்டும் அரைக்கும்.

லைன் சரி என்றால் அடுத்தது பிரேக் பிளேட், அதாவது பிரேக் டிரம்மை மூடி நிற்கும் தட்டு. பழைய புல்லட்டில் அந்தப் பிளேட்டின் ஆங்கர் போல்ட் ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) பிடித்து நிற்கும். பிரேக் போடும்போது டிரம்மோடு சேர்ந்து பிளேட் சுழலாமல் தடுப்பது அந்த ஒரு போல்ட்தான். புது ஹப்பின் பிளேட்டுக்கு அந்த இடம் ஒத்து வரவில்லையென்றால் வேறு யோசனையே வேண்டாம், விட்டுவிடுங்கள். கம்பி கட்டியோ பட்டை வெல்டிங் செய்தோ ஓட்டிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவை சாலையில் இருக்கவே கூடாது.

மூன்றாவது, அந்தப் பிளேட்டில் உள்ள பிரேக் லிவர். உங்கள் வண்டியில் பிரேக் பெடல் இடது பக்கம், ராடு நேராக டிரம்முக்குப் போகிறது. இடது கால் கியர் வந்த வண்டிகளில் பெடல் வலது பக்கம் போய்விட்டது, ஆனால் செயினும் டிரம்மும் இடப்பக்கமே இருந்தன. அதனால் நடுவில் ஒரு குறுக்கு ஷாஃப்ட் வைத்தார்கள். லிவரின் நீளம், அது நிற்கும் கோணம், ராடு இழுக்கும் திசை மூன்றையும் உங்கள் பழைய பிளேட்டின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

மதுரையிலிருந்து: கிளட்ச் விடும்போது பின்னால் ‘டக்’ என்று அடிக்கிறது. மெக்கானிக் ஹப்பையே மாற்றச் சொல்கிறார்.

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நல்ல ஹப்கள் பல இப்படித்தான் எடைக்குப் போகின்றன. புல்லட்டில் டிரம்முக்கும் ஹப்புக்கும் நடுவே ஆறு ரப்பர் துண்டுகள் உண்டு. எஞ்சினின் உதைப்பு நேராக ஸ்போக்கில் போய் விழாமல் அவை வாங்கிக்கொள்கின்றன. ரப்பர் தேய்ந்தால் நடுவில் இடைவெளி விழும், அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிறது.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, டயரைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். செயின் தொய்வால் வரும் ஆட்டத்தைக் கழித்துவிட்டு, டயரின் விளிம்பில் எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று பாருங்கள். அரை அங்குலத்தைத் தாண்டி ஒரு அங்குலத்தை நெருங்கினால் ரப்பர் மாற்ற வேண்டும். புது ரப்பர் இறுக்கமாகத்தான் இருக்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கிரீஸ், ஆயில் இரண்டும் ரப்பரைத் தின்றுவிடும், கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

ரப்பரைக் கழற்றும்போதே ஹப்பின் உள்ளே உள்ள தடுப்புச் சுவர்களைத் துடைத்துப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் மட்டும் வேறு ஹப் தேடுங்கள்.

ஓசூரிலிருந்து: என் பழைய புல்லட் 500-க்கு நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தாமல் ஓட வேண்டும். பின்னால் சின்ன ஸ்ப்ராக்கெட் உள்ள ஹப் கிடைக்குமா?

தேட வேண்டாம். இந்த வண்டிகளில் பின் ஸ்ப்ராக்கெட்டும் டிரம்மும் ஒரே வார்ப்பு, 38 பல். அதனால் முன்பக்கம்தான் மாற்ற வேண்டும். 17 பல் இருந்தால் 18 போடுங்கள். 38-ஐ 17-ஆல் வகுத்தால் 2.24, 18-ஆல் வகுத்தால் 2.11. அதே வேகத்தில் எஞ்சின் சுற்று ஏறக்குறைய 5.5 சதவீதம் குறையும். மலை ஏறும்போது கொஞ்சம் சோர்வு தெரியும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றாக வார்த்திருப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. பல் தேய்ந்தால் நல்ல டிரம்மும் சேர்ந்து போகிறது. ஆகவே பழைய செயினை இழுத்து இழுத்து ஓட்டாதீர்கள், நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

கோவையிலிருந்து: 40 ஓட்டை ஹப்பில் 36 ஓட்டை ரிம் கட்டலாமா சார்?

முடியாது. ஓட்டை எண்ணிக்கை ஒத்துப்போகும் ரிம்மே வாங்குங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: வேறு ஹப் போட்டுக் கட்டிய சக்கரம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. ஸ்பேசர் (ஹப்பின் பக்கத்தில் வரும் இடைவெளி வளையம்) மாற்றினால் போதுமா?

ஸ்பேசரைத் தொட்டால் செயின் லைனும் கெட்டுவிடும். ஹப் இருக்கும் இடத்தில் இருக்கட்டும், ரிம்மைத்தான் நகர்த்த வேண்டும். ஸ்போக் கட்டுபவரிடம் வெறும் சக்கரத்தைக் கொடுக்காமல், வண்டியில் மாட்டி ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும் அளந்து, எத்தனை மில்லிமீட்டர் எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுங்கள். ரிம் நிற்க வேண்டியது வண்டியின் சட்டத்தின் (ஃப்ரேம்) நடுவில். ஹப்பின் நடுவை வைத்துக் கோட்டம் எடுத்தால் இப்படித்தான் ஒதுங்கும்.

மைசூரிலிருந்து: ஜாவாவில் யெஸ்டி ரோட்கிங் பின் சக்கரத்தை அப்படியே மாட்டலாமா?

அப்படியே மாட்ட யோசிக்காதீர்கள். ஜாவா 16 அங்குலச் சக்கரம், ரோட்கிங் 18. மட்கார்டு இடைவெளி, வண்டி நிற்கும் உயரம் எல்லாம் மாறும். ஹப்பை மட்டும் எடுத்து 16 அங்குல ரிம்மில் கட்டுவதென்றால் ஸ்போக் நீளம் வேறு.

ஜாவாவின் பின்புற அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஆக்சிலை உருவிவிட்டுச் சக்கரத்தை ஒருபக்கமாக இழுத்தால் கையோடு வந்துவிடும், ஸ்ப்ராக்கெட்டும் செயினும் மூடிய பெட்டிக்குள் அப்படியே நிற்கும். பஞ்சரானால் கையில் கருப்பு ஒட்டாது! வேறு ஹப் போடும்போது, ஸ்ப்ராக்கெட்டோடு கோத்து நிற்கும் அந்தப் பகுதி முழு ஆழத்துக்கு உட்காருகிறதா என்று பாருங்கள். பாதி ஆழத்தில் நின்றால் ரப்பர் கிழிந்துவிடும்.

வேலூரிலிருந்து: பழைய ஸ்பிண்டிலுக்குக் கடையில் வாங்கிய நட்டு இரண்டு சுற்று போய் இறுகிவிட்டது. ஸ்பேனர் போட்டுத் திருகலாமா?

வேண்டவே வேண்டாம். பழைய புல்லட்டில் பல இடங்களில் பிரிட்டிஷ் சைக்கிள் மரை (திருகுப் புரி)தான். நீங்கள் போட்டது மெட்ரிக் நட்டாக இருக்கும். திருகினால் ஸ்பிண்டிலின் மரையே வழித்துக்கொண்டு போய்விடும். மெதுவாகத் திருப்பிக் கழற்றுங்கள். மரை அளக்கும் கேஜ் லேத் பட்டறையில் இருக்கும். ஸ்பிண்டிலையே எடுத்துப்போய் அளந்து, அதற்கான நட்டை வாங்கிப் போடுங்கள்.