அண்ணனைப் போட்டுக் கொடுப்பதா?

கேள்வி: ஐயா, அம்பத்தூர் எஸ்டேட்டில் (தொழிற்பேட்டை), தகட்டை மெஷினில் அடித்து உருக்கொடுக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். மெஷினில் டையை (அச்சை) மாட்டுகிற எங்கள் டை செட்டர் அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய்விட்டு வந்தால் வாயில் ஹால்ஸ், சட்டையில் சென்ட். தண்ணீர் பாட்டிலிலும் சரக்கைக் கலந்து வைத்திருக்கிறார், எல்லோருக்கும் தெரியும். எனக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். இரண்டு பெண் பிள்ளைகள் வேறு. மேலே சொன்னால் அவர் வேலை போய்விடும், சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. கூட இருப்பவர்கள் "நமக்கெதுக்குடா வம்பு" என்கிறார்கள். போட்டுக் கொடுத்தவன் என்ற பெயரும் வேண்டாம் என்று பார்க்கிறேன். என்ன செய்யட்டும்?
— வாசகர், கொரட்டூர்

பதில்: சொல்லிவிடுங்கள் தம்பி. அடுத்த தடவை அவர் அந்த நிலையில் பிரஸ் பக்கம் போகிறபோதே, அந்த நிமிடமே சொல்லுங்கள். ஆனால் என்ன வார்த்தையில் சொல்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. "அவர் குடித்திருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். "அவர் சரியாக இல்லை, முதலில் மெஷினை விட்டு இறக்குங்கள்" என்று சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

செட்டர் வேலை என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேல் டைக்கும் கீழ் டைக்கும் நடுவில் கையை விட்டுச் சரி பார்க்கிற வேலை அது. மோட்டார் சுவிட்சை அணைத்தாலும் ஃபிளைவீல் (மெஷினின் கனமான சக்கரம்) உடனே நிற்காது, கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் யாராவது தெரியாமல் கால் பெடலை மிதித்தால் ரேம், அதாவது மேல் டையைத் தாங்கி மேலும் கீழும் போகிற பாகம், ஒரு தடவை இறங்கி அடித்துவிடும். அதனால்தான் நிதானத்தில் இருக்கிற செட்டர் வீல் நிற்கிற வரை காத்திருப்பார், ரேமுக்கு அடியில் சேஃப்டி பிளாக்கை முட்டுக் கொடுப்பார், அப்புறம்தான் கையை விடுவார். உள்ளே ஒரு கட்டிங் சரக்கு போனவருக்கு முதலில் போவது இந்தக் காத்திருக்கிற பொறுமைதான். கை நடுங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. அதோடு இன்னொன்று, அவர் டையை அரைகுறையாக இறுக்கிவிட்டுப் போனால் விரல் போகப்போவது அவருக்கு இல்லை, அதற்கப்புறம் அந்த மெஷினில் உட்காருகிற ஒடிசாப் பையனுக்கு. அவன் ஊரிலும் அவனை நம்பி யாரோ இருப்பார்கள். அண்ணனின் பெண் பிள்ளைகளை நினைக்கிற நீங்கள் அந்தப் பையனையும் கொஞ்சம் நினைக்க வேண்டும் இல்லையா?

அண்ணன் குடும்பத்துக்காகச் சும்மா இருக்கிறேன் என்கிற கணக்கும் எனக்குத் தப்பாகத்தான் படுகிறது. 1923-ஆம் வருட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே வருகிற விதி ஒன்று உண்டு. குடிபோதைதான் நேரடிக் காரணம் என்று ஆகிவிட்டால், அந்தக் காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. உயிர் போனாலோ, வேலையே செய்ய முடியாத அளவுக்கு நிரந்தர முழு ஊனம் ஆனாலோ மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. இரண்டு விரல் போவது முழு ஊனத்தில் சேராது. ஆக விரலும் போகும், பணமும் வராது. ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) இருப்பவருக்கு அந்த வழி தனி, ஆனால் அவ்வளவு வருடம் சர்வீஸ் உள்ள ஒரு செட்டர் 21,000 ரூபாய் சம்பள வரம்பைத் தாண்டி ஈ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சரி, "குடித்திருக்கிறார்" என்று ஏன் சொல்லக்கூடாது? ஒன்று, அது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. சுகர் திடீரென்று இறங்கினாலும் வேர்க்கும், நாக்கு குழறும், நடை தள்ளும், பார்ப்பதற்குக் குடித்தவர் மாதிரியே இருக்கும். அப்படிப்பட்டவரைக் குடிகாரன் என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டால் ஆபத்து. எதுவாக இருந்தாலும் அவர் மெஷினை விட்டு இறங்கியாக வேண்டும், டிஸ்பென்சரிக்குப் போயாக வேண்டும், இந்த இரண்டிலும் சந்தேகமே இல்லை. இன்னொன்று, வாடை அடித்தது, தள்ளாடினார், கண் ஒரு மாதிரி இருந்தது என்பதை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு கட்டிவிட முடியாது என்று ஒரு சாலை விபத்து வழக்கில் 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கம்பெனி விசாரணைக்குக் கோர்ட் அளவுக்குச் சாட்சி தேவையில்லை என்பது உண்மைதான், ஆனாலும் நாளைக்கு விசாரணையில் உங்களைக் கூப்பிட்டு "நீ பார்த்தாயா, அளந்தாயா" என்று கேட்டால், பார்த்ததை மட்டும் சொன்னவன் தைரியமாக நிற்கலாம், தீர்ப்பு சொன்னவன் நிற்க முடியாது.

யாரிடம் சொல்வது? ஷிஃப்ட் ஃபோர்மேனிடம், நேரில். ஃபோர்மேனே அவருக்குக் கூட்டாளி என்றால் (நம் எஸ்டேட்டுகளில் இது புதிதா என்ன) மேனேஜரிடம். மொட்டைக் கடுதாசி வேண்டாம், வாட்ஸாப் குரூப்பில் ஜாடை பேசவே வேண்டாம். ஒளிந்திருந்து வீடியோ எடுப்பது, அந்தத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் சின்னப் பிள்ளைத்தனம். உங்கள் நோட்டில் தேதி, நேரம், என்ன பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி வைத்தால் போதும்.

வேலை உடனே போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். வேலை நேரத்தில் போதையில் இருப்பது நிலையாணைகளில் (கம்பெனியின் வேலை விதிகள்) ஒழுங்கீனம் என்றுதான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தையில் நிரந்தரத் தொழிலாளியை வெளியே அனுப்பிவிட முடியாது. குற்றச்சாட்டுக் கடிதம், விளக்கம், விசாரணை என்று முறை இருக்கிறது, பழைய சர்வீஸ் சுத்தமாக இருந்தால் தண்டனையை முடிவு செய்கிறபோது அதைப் பார்த்தாக வேண்டும். பெர்சனல் டிபார்ட்மென்ட்டில் காலத்தை ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், குடிக்காக வந்த புகார்கள் பெரும்பாலும் எச்சரிக்கையிலோ சஸ்பென்ஷனிலோதான் முடியும். ஆள் அடிபட்ட பிறகு வந்த புகார்தான் டிஸ்மிஸில் முடியும்.

அவரிடமும் பேசுங்கள். மத்தியானம் அல்ல, காலையில் டீ குடிக்கிற நேரத்தில். "அண்ணே, நேத்து நான்தான் ஃபோர்மேன்கிட்ட சொன்னேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், ஒரு மாதம் பேச மாட்டார், பரவாயில்லை. முதுகுக்குப் பின்னால் செய்தால்தான் அதற்குப் பெயர் போட்டுக் கொடுப்பது.

பாட்டிலில் கலந்து வைத்து நாள் முழுக்கக் குடிக்கிறார் என்றால் அது ஜாலிக்குக் குடிக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்டவரிடம் "நாளையிலிருந்து நிறுத்து" என்று சத்தியம் வாங்கிவிடாதீர்கள். வருடக்கணக்கில் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் பித்துப் பிடித்த மாதிரி உளறல் வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது, அடையாறு இந்திரா நகரில் இதற்கென்றே நடக்கிற டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் விசாரித்தால் அடுத்து என்ன என்று சொல்வார்கள். சஸ்பென்ஷனுக்குப் பதில் மருத்துவ விடுப்பு கொடுங்கள் என்று மேனேஜரிடம் நீங்களே கேட்கலாம். பழைய ஆளை இழக்க எந்தப் பிரஸ் ஷாப்புக்கும் ஆசை இல்லை, நல்ல செட்டர் கிடைப்பது இப்போது அவ்வளவு கஷ்டம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. 2016-ல் டாஸ்மாக் கடை திறக்கும் நேரத்தைக் காலை 10 மணியிலிருந்து பகல் 12 ஆக்கினார்கள், நல்லதுதான். ஆனால் எஸ்டேட்டில் சாப்பாட்டு மணி அடிப்பது பன்னிரண்டரைக்கு. கடையும் கம்பெனி கேட்டும் ஒன்றாகத் திறந்தால் தொழிலாளியை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்!

கேள்வி: எங்கள் டீம் லீட் வெள்ளிக்கிழமை டீம் லஞ்சில் இரண்டு பீர் அடித்துவிட்டு வந்து சீட்டில் உட்காருகிறார். பாலிசிப்படி இது தப்பு. ஹெச்.ஆரிடம் சொல்லலாமா?
— வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: உட்கார்ந்து என்ன செய்கிறார்? தூங்கி வழிகிறார் என்றால் கம்பெனி பாடு, உங்களுக்கு என்ன. அவர் அரைகுறையாகப் பார்த்து அனுப்பிய வேலையை ராத்திரி நீங்கள் உட்கார்ந்து சரி செய்கிறீர்கள் என்றால், அந்த வேலையைப் பற்றிப் புகார் சொல்லுங்கள், பீரை இழுக்காதீர்கள். இழுத்தால் பேச்சு பீரைப் பற்றியே போய்விடும், உங்கள் ராத்திரித் தூக்கம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பெண்களிடம் அசிங்கமாகப் பேசுகிறார், உரசுகிறார் என்றால் அது வேறு சமாச்சாரம். 2013-ஆம் வருடச் சட்டப்படி உங்கள் ஆபீஸில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும், அங்கே எழுத்தில் கொடுங்கள், "மப்பில் தெரியாமல் செய்துவிட்டார்" என்று யார் சமாதானம் பேசினாலும் காதில் வாங்காதீர்கள். அப்புறம் கோபித்துக்கொள்ளாமல் ஒன்று யோசியுங்கள். அப்ரைசலில் மார்க் குறைந்த பிறகுதான் இந்தப் பீர் கண்ணில் பட்டதா, அதற்கு முன்பே பட்டதா? பிறகு என்றால் இந்தக் கடிதத்தை ஒரு மாதம் கழித்துத் திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: பெருங்குடியில் நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஐந்து மணிக்குக் கம்பெனி கேபில் ஆவடி வரை வருகிறேன். டிரைவரிடம் வாடை அடிக்கிறது. கேட்டால் "நேத்து ராத்திரி போட்டது மேடம், இப்ப ஒண்ணும் இல்ல" என்கிறார். நம்பலாமா? புகார் செய்தால் பாவம், பிழைப்பு போய்விடுமே.
— வாசகி, ஆவடி

பதில்: ராத்திரி போட்டார் என்பதை நம்பலாம், ஒன்றும் இல்லை என்பதை நம்பாதீர்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம் சரக்கு என்றால் அதில் ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். ஆக ஒரு குவார்ட்டர் முழுசாக இறங்க ஆறிலிருந்து எட்டரை மணி நேரம் வேண்டும். பதினோரு மணிக்கு இரண்டு குவார்ட்டரை முடித்தவர் ஐந்து மணிக்கு ஸ்டியரிங் பிடித்தால் பாதி சரக்கு இன்னும் ரத்தத்தில்தான் ஓடுகிறது. மோர், எலுமிச்சை, பிளாக் காபி, தலையில் பச்சைத் தண்ணீர் எதுவும் இந்தக் கணக்கை வேகப்படுத்தாது. ஹால்ஸும் பாக்கும் வாயைத்தான் மணக்க வைக்கும், வாடை வருவது நுரையீரலிலிருந்து. சட்டமும் எப்போது குடித்தாய் என்று கேட்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

பாவம் பார்க்கிற இடம் இது இல்லை அம்மா. அம்பத்தூர்த் தம்பிக்கு இரண்டு பக்கமும் யோசித்துப் பதில் சொன்னேன், உங்களுக்கு அதெல்லாம் இல்லை. வண்டியில் ஏறாதீர்கள். கூட வருகிறவர்களையும் ஏற விடாதீர்கள். டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்கு அங்கேயே நின்று போன் போட்டு வேறு வண்டி கேளுங்கள், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்" என்றால் அப்படிச் சொன்னவரின் பெயரைக் கேட்டு, வண்டி நம்பரையும் சேர்த்து உடனே ஒரு மெயில் அனுப்பிவிட்டு, ஆபீஸ் செக்யூரிட்டி பக்கத்தில் விடிகிற வரை உட்காருங்கள். வெளிச்சம் வந்ததும் வேறு கேபோ ஆட்டோவோ பிடித்து வீட்டுக்குப் போங்கள். அந்தப் பில்லைக் கம்பெனிதான் தர வேண்டும், கேட்க வெட்கப்படாதீர்கள்.