பென்சில்ல எழுதின கேஸ் ஷீட் (கடிதம்)

அக்கா, நான் டெக்சாஸ்ல நர்ஸ். வேலை பாத்துக்கிட்டே எம்எஸ்என் (நர்சிங் முதுகலை) முடிச்சு, நோயாளிய நேரா பரிசோதிச்சு மருந்து எழுதற ஃபேமிலி நர்ஸ் ப்ராக்டிஷனர் ஆகறதுக்கான பரீட்சை எழுதினேன். 500 வேணும், 488தான் வந்துச்சு. 12 மார்க்ல போச்சு. இந்தப் பரீட்சைய ரெண்டு அமைப்பு நடத்துது, நான் எழுதினது ஏஏஎன்பி. திரும்ப அதையே எழுதவா, இல்ல இன்னொண்ணான ஏஎன்சிசிக்கு மாறவா? வீட்ல வேற "இவ்ளோ படிச்சும் டாக்டர் ஆகப்போறதில்லையே"ங்கறாங்க.
ம.

அன்புள்ள ம.,

ஒரு வாரமா எங்க அத்தை நெனப்பாவே இருக்கு, அந்த நேரம் பாத்து உன் கடிதம்.

மொதல்ல திட்டிடறேன். 12 மார்க், 12 மார்க்னு அழாத, இது பிளஸ் டூ இல்ல. 200ல ஆரம்பிச்சு 800 வரைக்கும் போற ஸ்கேல் அது, 150 கேள்வில 15 சும்மா பரிசோதனைக்கு வச்சது, 135க்குத்தான் கணக்கு. 501 வாங்கினவளுக்கும் 780 வாங்கினவளுக்கும் ஒரே சர்டிஃபிகேட்தான். ரேங்க் கிடையாது. இவ கையில நோயாளிய விடலாமா வேணாமான்னு ஒரு கோடு, அவ்ளோதான்.

எந்தப் பரீட்சைன்னா, ரெண்டையுமே உங்க ஸ்டேட் நர்சிங் போர்டு ஏத்துக்கும், ஏஎன்சிசில ஆராய்ச்சி, பாலிசின்னு கொஞ்சம் சேந்து வரும், உனக்கு எது சரியோ அதை எழுது.

ஆனா அந்த "டாக்டர் ஆகலையே" இருக்கே, அதுக்குத்தான் எனக்கு கோவம் வந்துச்சு.

எங்க அத்தை ஒரு தாலுகா ஆஸ்பத்திரில நர்ஸா இருந்துச்சு. ராத்திரி டாக்டர் இருக்கமாட்டார். பிரசவம், பாம்புக்கடி, வாந்திபேதி எது வந்தாலும் அத்தைதான். கேஸ் ஷீட்ட பென்சில்ல எழுதி வச்சிடும், காலைல டாக்டர் வந்து அது மேலயே பேனாவால எழுதி கையெழுத்து போட்டுட்டு டீ கேப்பார். ஏன் பென்சில்ல எழுதறேன்னு கேட்டா "பேனா அவரோடதுடா கண்ணு"ன்னு சிரிக்கும். சின்னப்புள்ளைல எனக்கு அது ஜோக்குன்னு நெனப்பு.

1965ல கொலராடோல லொரெட்டா ஃபோர்டுங்கற நர்ஸும் ஹென்றி சில்வர்ங்கற குழந்தை டாக்டரும் சேந்து இந்த நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்ப ஆரம்பிச்சப்போ கேட்டதும் அந்தப் பேனாவத்தான். பாக்கறவ நர்ஸுன்னா அவளையே முறையா படிக்க வச்சு, அவளே பரிசோதிச்சு முடிவெடுக்கட்டும்னு. இன்னும் முழுசா குடுக்கல பாரு, உங்க டெக்சாஸ்ல ஒரு டாக்டரோட ஒப்பந்தம் இல்லாம நர்ஸ் ப்ராக்டிஷனர் மருந்து எழுத முடியாது, வாஷிங்டன், ஓரிகான்லலாம் தேவையில்ல. அதே படிப்பு, அதே பரீட்சை, எல்லைய தாண்டினா பேனா மாறிடுது! சர்டிஃபிகேட்ட ஒரு அமைப்பு குடுக்கும், லைசென்ஸ ஸ்டேட் குடுக்கும், சண்டையெல்லாம் அந்த ரெண்டாவதுலதான். நீ 488க்கு அழுதுக்கிட்டிருக்க.

ஏஏஎன்பில தோத்தவங்க 15 மணி நேரம் பாடம் படிச்சுக் காட்டணும்ல, ரிப்போர்ட்ல எது வீக்னு இருக்கோ அதுல. அந்தப் பாடத்துக்குப் பதிவு பண்ணிட்டியா இல்லையா? அதை எழுதாம வீட்ல பேசினதையெல்லாம் எழுதிருக்க.