எம்பெடட் துறைப் படிப்பு: பட்டர்வொர்த் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த உங்கள் மகன், கருவிகளுக்குள் பொதிந்திருக்கும் சிறு கணினிகளுக்கு நிரல் எழுதும் எம்பெடட் துறையில் மென்பொருள் எழுத விரும்புகிறார் என்பதையும், அவர் அடுக்கும் ஆர்டுயினோ என்னும் பயிற்சிப் பலகை, ஃப்ரீஆர்டிஓஎஸ், ஜெஃபிர் என்னும் சிறு இயக்குதளங்கள் ஆகிய பெயர்களில் எதை நம்பிப் படிக்க வைப்பது என்று தெரியாமல் நீங்கள் கவலைப்படுவதையும் உங்கள் கடிதத்தின் மூலம் அறிந்தேன். தளத்தின் பெயரை வைத்துப் படிப்பை முடிவு செய்யாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். சில்லு (சிப்) வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் பல ஆண்டுகள் வளர்த்த, இதே வகையைச் சேர்ந்த எம்பெட் என்னும் தளம் 2026 ஜூலையுடன் முடிவுக்கு வரும் என்று அந்நிறுவனமே 2024-இல் அறிவித்துவிட்டது. அந்தத் தளத்தின் கட்டளைகளை மட்டும் மனனம் செய்தவருக்கு அது பெரிய இழப்பு. இத்துறையின் அடிப்படை நிரல்மொழியான சி மொழியையும் சில்லின் இயக்கத்தையும் அறிந்தவரோ வேறு தளத்துக்கு மாறிக்கொள்வார்.

இத்துறையின் கடினமும் மதிப்பும் நினைவகப் பற்றாக்குறையில்தான் இருக்கின்றன. ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா328பி சில்லில் நிரலுக்கு 32 கிலோபைட்டும், அது ஓடும்போது தரவுகளை வைத்துக்கொள்ள 2 கிலோபைட்டும் மட்டுமே உண்டு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட இதைவிடப் பன்மடங்கு பெரியது. ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற சிறு இயக்குதளத்தில் ஒரே நேரத்தில் நடக்கும் ஒவ்வொரு பணிக்கும் அதன் தற்காலிகத் தரவுகளுக்கான தனி நினைவகப் பகுதியை (ஸ்டாக்) ஒதுக்க வேண்டும். அதைக் குறைத்து ஒதுக்கினால் பக்கத்து நினைவகம் அழிந்து, பல நாள் ஒழுங்காக ஓடிய கருவி காரணம் தெரியாமல் நின்றுபோகலாம், கூட்டி ஒதுக்கினால் அடுத்த பணிக்கு இடமே இருக்காது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

ஆகவே, அவர் முதலில் ஆர்டுயினோவில் சில மாதங்கள் பழகட்டும். பிறகு பிறர் எழுதி வைத்த அதன் ஆயத்த நிரல் நூலகங்களை ஒதுக்கிவிட்டு, சில்லின் விவரக் கையேடான டேட்டாஷீட்டைப் படித்து, சில்லைக் கட்டுப்படுத்தும் அதன் உள் நினைவிடங்களான பதிவகங்களில் நேரடியாக எழுதிப் பார்க்கட்டும். பெரும்பாலான மாணவர்கள் தாண்டிச் செல்லும் இந்தப் படியை நான் மிகவும் வலியுறுத்துவேன். அடுத்து வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி32 பலகை: அதன் அதிகாரப்பூர்வக் கருவித்தொகுப்பே ஃப்ரீஆர்டிஓஎஸ் மீது அமைந்தது என்பதால் இரண்டையும் ஒருசேரக் கற்கலாம். லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் 2016-இல் தொடங்கிய ஜெஃபிரில், வன்பொருளின் விவரத்தைத் தனிக் கோப்பில் எழுதி, தேவையான பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து நிரலாக்க வேண்டியிருப்பதால், தொடக்கத்தில் அது மலைப்பூட்டும். அதைக் கடைசியாக எடுத்துக்கொள்வது நல்லது. சிறு சில்லுகளுக்கான பைத்தான் மொழி வடிவமான மைக்ரோபைத்தான் ஒரு யோசனையை விரைவாகச் சோதிக்க உதவும். ஆனால் அது சி மொழியின் இடத்தை நிரப்பாது.

படிப்பைப் பொறுத்தவரை, இவருக்குக் கணினி அறிவியலைவிட மின்னணுப் பொறியியலே பொருந்தும் என்பது என் கருத்து. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளான மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். வழியாகச் சென்றால், நிபோங் தெபாலில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யுஎஸ்எம்) பொறியியல் வளாகத்தை முதலில் பாருங்கள். கைவேலையில் நாட்டம் அதிகமென்றால் பெர்மாத்தாங் பாவ் பகுதியிலுள்ள செபெராங் பெராய் போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போகலாம். அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். தனியார் கல்லூரியானால், அந்தப் பொறியியல் பட்டம் பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஏற்பைப் பெற்றதா என்று பணம் கட்டும் முன்பே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பொறியாளராகப் பதிவு செய்துகொள்ள அது அவசியம்.

வேலைக்கு வெகுதூரம் போக வேண்டுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். இன்டெல் 1972-இல் பினாங்கில் ஆலை தொடங்கிய காலம் முதல் பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிலின் மையமாக இருந்து வருகிறது. உங்கள் வீட்டிலிருந்து பாலத்தைக் கடந்தால் போதும். அங்கு தயாரிப்பு வரிசை வேலைகளும் வடிவமைப்பு வேலைகளும் உண்டு. நேர்காணலில் எந்தப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெளிவது உங்கள் மகனின் பொறுப்பு.

அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன், சில பத்து ரிங்கிட் செலவில் ஓர் ஈஎஸ்பி32 பலகையை வாங்கிக் கொடுத்து, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அளவைக் காட்டும் கருவியொன்றைச் செய்து சில வாரங்கள் நிற்காமல் ஓட்டச் சொல்லுங்கள். அது இடையில் நின்றுபோகும்போது காரணத்தைத் தேடி உட்காருகிறாரா, சலித்து மூடி வைக்கிறாரா என்பதைக் கவனித்து எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தின் முதல் தேர்வை அதை வைத்து முடிவு செய்வோம்.