சத்தம் வந்ததும் நீலத்திரை: மதர்போட் மாற்றவா?

கேள்வி: எனது லப்டொப் 2017இல் வாங்கியது, இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் இல்லை என்பதால் மட்டக்களப்பில் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 11 போடுவித்தேன். அன்றிலிருந்து மகனின் ஸூம் வகுப்பில் சத்தம் கரகரத்து, நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது. மதர்போட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றவா?
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விண்டோஸ் 10 இருந்தவரை ஒழுங்காக ஓடிய லப்டொப், புதியது போட்ட அன்றே பழுதானால் முதல் சந்தேகம் சவுண்ட் டிரைவரில்தான் (சவுண்ட் சிப்பை விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருள்). மைக்ரோசொப்ட் விண்டோஸ் 11க்கு ஏற்கும் இன்டெல் சிப்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகின்றன. உங்களுடையது ஏழாம் தலைமுறை என்பதால், போடும்போது சிப்பைச் சரிபார்க்கும் சோதனையைத் தவிர்த்துத்தான் போட்டிருப்பார்கள். அதனால் பழைய விண்டோஸுக்கு எழுதிய டிரைவரே உள்ளே தங்கியிருக்கக்கூடும்.

மதர்போட் நல்லதா என்பதைச் செலவில்லாமல் பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் உபுண்டு (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) போட்டு, அதிலிருந்து லப்டொப்பை இயக்கி, இன்ஸ்டோல் செய்யாமல் 'ட்ரை' என்பதைத் தெரிவுசெய்து அரைமணி நேரம் வீடியோ ஓடவிடுங்கள். சத்தம் தடங்கலில்லாமல் வந்தால் சவுண்ட் சிப் நலம். அங்கும் நின்றுபோனால்தான் ஹார்ட்வெயாரைச் சந்தேகிக்க வேண்டும். (கடற்காற்றில் ஹெட்போன் துளை துருப்பிடித்தாலும் கரகரக்கும். ஆனால் அதனால் நீலத்திரை வராது.)

நீலத்திரையின் கீழே ஒரு கோப்பின் பெயர் வந்தால் போனில் படமெடுத்து வையுங்கள். அது ஆர்.டி.கே.வி.எச்.டி.64 (RTKVHD64.sys) என்றால் பெரும்பாலும் ரியல்டெக் என்ற சவுண்ட் சிப் நிறுவனத்தின் டிரைவரே காரணம். ரிஸ்டோர் பொயின்ட் (பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) ஒன்று எடுத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' பகுதிக்குப் போய் ரியல்டெக் மேல் வலது கிளிக் செய்யுங்கள். அப்டேட் டிரைவர், 'பிரவுஸ் மை கொம்பியூட்டர்', 'லெட் மீ பிக்' என்று போனால் ஒரு பட்டியல் வரும். அதில் 'ஹை டெபினிஷன் ஓடியோ டிவைஸ்' என்பதைத் தெரிவுசெய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது விண்டோஸோடு வரும் பொது டிரைவர். சில லப்டொப்களில் சத்தம் சற்று மெலிந்து, மைக்கின் இரைச்சல் குறைக்கும் வசதியும் போய்விடும். வகுப்புக்கு அது போதும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸ் அப்டேட் பழைய டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட, மறுபடி நீலத்திரை. அதனால் 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடி அங்கே 'நோ' கொடுங்கள். ஒப்ஷனல் அப்டேட்டில் சவுண்ட் டிரைவர் தெரிந்தால் தொடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் மதர்போட் மாற்றத்தான் வேண்டுமென்றால், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்குங்கள், விவரத்தோடு பற்றுச்சீட்டும் எடுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கேள்வி: இன்டெல் பதினோராம் தலைமுறை லப்டொப் ஒன்று கைமாறி வாங்கப் போகிறேன். இதே தொல்லை வருமா?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அந்தத் தலைமுறையில் வேறொரு வழு உண்டு. வாங்கமுன் டிவைஸ் மேனேஜரில் 'சிஸ்டம் டிவைசஸ்' திறந்து, 'இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னோலொஜி' டிரைவரின் பதிப்பைப் பாருங்கள். 10.29.0.5152 அல்லது 10.30.0.5152 என்றிருந்தால் விண்டோஸ் 11இல் நீலத்திரை வரக்கூடும். கடைசி எண் 5714 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 29, 30 என்பதைப் பார்த்துப் புதியது பழையது என்று முடிவுகட்டாதீர்கள். கவனிக்க வேண்டியது கடைசி எண்ணைத்தான். குறைவாக இருந்தால் லப்டொப் நிறுவனத்தின் தளத்தில் அந்த மொடலுக்கான புதிய டிரைவரை எடுத்துப் போட்டால் சரியாகிவிடும். அதற்காக லப்டொப்பை வேண்டாமென்று விடத் தேவையில்லை.