ஏற்றத்தில் உதறும் பக்கிக்கு ஸ்பார்க் பிளக் மாற்றலாமா?

ஐயா, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஹோவிக்குக்குச் சரக்கேற்றிச் செல்லும் உங்கள் பெட்ரோல் பக்கி (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி), 60,000 கிலோமீட்டர் ஓடிய பின் வழியில் பீட்டர்மரிட்ஸ்பர்க் அருகிலுள்ள டவுன் ஹில் (Town Hill) ஏற்றத்தில் மட்டும் உதறுவதாக எழுதியிருந்தீர்கள். எஞ்சினில் பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் எந்த வகை என்பதே முதற்கேள்வி: சாதாரண நிக்கல் முனை என்றால் பெரும்பாலும் 30,000 கிலோமீட்டர் அளவிலேயே மாற்றியிருக்க வேண்டும்; இரிடியம் முனை ஏறக்குறைய 100,000 வரை தாங்கும், ஆயினும் வண்டியின் கையேடு சொல்வதே முடிவானது. முனை தேயத் தேய, பொறி தாண்ட வேண்டிய இடைவெளி அகன்று, பொறி பாய்வதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது; சுமையோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் உயர்வதால், சமதரையில் மறைந்திருந்த குறை அங்கே வெளிப்படுகிறது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பின் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் வைத்துப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. எண்ணெய் ஈரம் தெரிந்தால், புதிய பிளக் வாங்கும் செலவு வீண்தான், எஞ்சினையே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். புதியவற்றைப் பொருத்திய பிறகும் உதறல் நீடித்தால், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலைச் சோதியுங்கள்.