நிக் நெய்லரைப் பிடித்துப்போனது உங்கள் தவறல்ல

கேள்வி: ‘தேங்க் யூ ஃபார் ஸ்மோக்கிங்’ படம் பார்த்தேன். சிகரெட் கம்பெனிகளுக்காக வாதாடும் லாபியிஸ்ட் நிக் நெய்லர்தான் கதாநாயகன். விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு மனம் உறுத்தியது. இப்படிப்பட்டவனை நமக்குப் பிடிக்கும்படி காட்டலாமா?

பதில்: காட்டலாம், காட்டத்தான் வேண்டும். நிக் நெய்லரை விகாரமான வில்லனாக்கியிருந்தால் அதுதான் பொய். மக்களுக்குப் பிடிக்காதவனையா ஒரு தொழில் தன் வாயாக வைத்துக்கொள்ளும்? படத்தின் தொடக்கத்தில், புற்றுநோய் வந்த சிறுவனுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டு, ‘இவன் உயிரோடு இருந்தால்தானே எங்களுக்கு லாபம்’ என்கிற வாதத்தால் அரங்கத்தையே தன் பக்கம் திருப்புகிறான். நாமும் திரும்புகிறோம். ஒரு சமூகம் எப்படி ஏமாந்தது என்பதை நம்மை வைத்தே காட்டிவிடுகிறார் இயக்குநர் ஜேசன் ரீட்மன். கதாபாத்திரங்களில் ஒருவர்கூடப் படத்தில் சிகரெட் பற்றவைப்பதில்லை, கவனித்தீர்களா? பேச்சைப் பற்றிய படம் அது.

மகனுக்கு ஐஸ்கிரீமை வைத்து வாதம் சொல்லிக்கொடுக்கும் காட்சியை மறுபடி பாருங்கள். சாக்லேட்தான் உயர்ந்தது என்கிறான் மகன். வெனிலா உயர்ந்தது என்று நிக் நிறுவுவதே இல்லை. மகன் சொல்வது தவறு என்று ஆக்கிவிட்டால் போதும். அவன் குறி மகனல்ல, வேடிக்கை பார்க்கும் கூட்டம். உண்மையில் நடந்ததும் இதுதான். 1953 டிசம்பரில் அமெரிக்க சிகரெட் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் கூடினார்கள். ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் அமர்த்தப்பட்டது. 1954 ஜனவரி 4 அன்று 400-க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் அவர்களின் அறிக்கை வெளியானது. புற்றுநோய்க்கு சிகரெட்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆராய்ச்சிக்கு நாங்களே பணம் தருகிறோம் என்றது அது. அந்த ‘ஆதாரம் இல்லை’ என்ற சொல்லை வைத்துக்கொண்டே பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. செனட் விசாரணையில், மகனுக்குப் பதினெட்டு வயதானபின் சிகரெட் கேட்டால் என்ன செய்வாய் என்று நிக்கிடம் கேட்கிறார்கள். அவன் உண்மையாகவே விரும்பினால் முதல் பாக்கெட்டை நானே வாங்கித் தருவேன் என்கிறான். படம் அதை அவனுடைய நேர்மையின் உச்சமாக வைக்கிறது. செனட்டரிடம் பதில் இல்லை.

பதில் இருந்தது. பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் கம்பெனியின் தலைமை வழக்கறிஞர் அடிசன் யீமன் 1963-லேயே அதை எழுதிவைத்திருந்தார்: நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள், நாம் விற்பது அதைத்தான் என்று. தெரிந்தே அடிமையாக்கிவிட்டு, வாங்குகிறவனுடைய சொந்த விருப்பம் என்று கைகழுவுவது எந்த ஊர் நியாயம்? 1994 ஏப்ரலில் ஏழு சிகரெட் கம்பெனிகளின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்துவிட்டு, நிகோடின் அடிமைப்படுத்தாது என்றே நம்புவதாக ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். யீமனின் குறிப்பும் அதே ஆண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2005-இல் வந்த படத்துக்கு இது தெரியாதிருக்க வழியே இல்லை. அந்த ஒரு தாளை செனட்டரின் கையில் கொடுத்திருந்தால் நிக்கின் நாக்கு என்ன செய்திருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசை.

இன்னொரு குறையும் உண்டு. மார்ல்பரோ சிகரெட் விளம்பரங்களில் கௌபாயாக நின்று, பிறகு புற்றுநோய் கண்ட பழைய ‘மார்ல்பரோ மனிதர்’ ஒருவர், நிக் கொண்டுவரும் பெட்டிப் பணத்துக்கு வாயை மூடிக்கொள்வதாகப் படத்தில் வருகிறது. நிஜத்தில் மார்ல்பரோ விளம்பரத்துக்காக நின்ற வெய்ன் மெக்லாரன் வாயை மூடவில்லை. நுரையீரல் புற்றுநோய் வந்த பிறகு, மார்ல்பரோவைத் தயாரிக்கும் பிலிப் மோரிஸ் கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்துக்கே போய், விளம்பரங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். 1992 ஜூலையில், 51 வயதில் இறந்தார். அவருக்கும் படத்தில் ஒரு காட்சி கொடுத்திருக்கலாம்.